அரசுப் பள்ளிக்கு ஓர் ஆலோசகர்: எத்தனை பள்ளிக்கு ஒருவர், யார், எந்தச் சம்பளத்தில்?

#1 மலையடிவாரம் டீச்சர்

வணக்கம். நான் ஒரு மலையடிவாரத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. பதினான்கு வருஷ சர்வீஸ். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் எழுதவில்லை, பிள்ளைகளுக்காக.

ஆறு முதல் பத்து வரை 340 பேர் படிக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அம்மா அப்பா இரண்டு பேருமே ஊரில் இல்லை. கேரளத் தோட்டம், திருப்பூர், செங்கல் சூளை என்று போனவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கின்றன.

ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் என்று 2020 பிப்ரவரியில் ஒன்று வந்தது நினைவிருக்கும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக நியமிக்க வேண்டும், அவர்கள் பதினோரு தலைப்புகளில் பிள்ளைகளிடம் பேச வேண்டும். அதில் ஒரு தலைப்பு மனநலம். எங்கள் பள்ளியின் இருவரில் நான் ஒருத்தி. பயிற்சிக்குப் போனேன், அங்கே சொன்னதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். குறை சொல்ல மாட்டேன்.

போன ஆடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரேயரில் மயங்கி விழுந்தாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பாட்டி தன் பங்குக்கு வேப்பிலை அடித்துக் கூட்டி வந்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணே என்னைத் தேடி லேபுக்கு வந்தாள். "மிஸ், ஒரு விஷயம் சொல்லணும்." அப்போது மணி அடித்துவிட்டது. பத்தாம் வகுப்பு காத்திருக்கிறது. "மதியம் வாம்மா, உட்கார்ந்து பேசலாம்" என்றேன். மதியம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் ஏதோ விவரம் ஏற்ற வேண்டும், மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும் என்று தகவல் வந்தது. அவள் வாசல்வரை வந்து நின்றதைப் பார்த்தேன். கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது ஆள் இல்லை.

நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ்." எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அதே பதில். இந்த ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்கு வரவே இல்லை. பெங்களூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்கிறார்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன பதினேழு வயதுப் பெண் இறந்துபோன வழக்கு. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு பதினைந்து வழிகாட்டுதல்களைத் தந்திருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கோச்சிங் சென்டர், விடுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதற்குக் குறைவான பிள்ளைகள் உள்ள இடம் வெளியிலிருக்கும் நிபுணரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளியில் 340 பேர். அந்த ஆள் எங்கே?

எனக்கு இன்னொரு பயிற்சி வேண்டாம். இந்த வேலையைத் தவிர வேறு வேலை இல்லாத ஓர் ஆள் வேண்டும். நடைமுறையில் இதை எப்படிக் கேட்டு வாங்குவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கரும்பலகை

அந்த வாசலில் நின்ற பெண்ணை நானும் பார்த்திருக்கிறேன் டீச்சர். என் பள்ளியில் அது ஒரு பையன். வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தேன், நான் அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர். திரும்பி வந்தபோது அவன் டிசி வாங்கிப் போயிருந்தான்.

#3 ஊசிநூல்

நான் டீச்சர் இல்லீங்க. திருப்பூர்ல டெய்லரா இருக்கேன், ரெண்டு பசங்களுக்கு அம்மா. மூத்தவன் கவர்மெண்ட் ஸ்கூல்ல பிளஸ் ஒன்.

ரெண்டு வருசம் முன்ன அவன் சாப்பிடறதை நிறுத்திட்டான். பேச்சும் இல்ல. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பான். நாங்க போன் பார்த்துக் கெட்டுப் போறான்னு நினைச்சு போனைப் பிடுங்கி வெச்சோம். கிளாஸ் டீச்சர்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. அவங்க நல்லா இருக்கணும்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா மனநல டாக்டர் வர்ற நாள் வேற, நான் போன நாள் வேற. ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போச்சு, அதோட போனஸ்லயும் பிடிப்பாங்க. மூணு தடவை போனோம். டாக்டர் நல்லாத்தான் பேசினாரு. ஆனா வெளிய நூறு பேரு நிக்கறாங்க, அவர் எவ்வளவு நேரம்தான் பேசுவாரு? மாசாமாசம் வாங்கன்னாரு. என்னால முடியல.

அதே ஆள் ஸ்கூலுக்குள்ளயே இருந்தா எனக்கு லீவு போட வேண்டியதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்ல. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறாங்க"ன்னு என் மாமியாரே சொன்னாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போறதை யார் என்ன சொல்வாங்க?

அவன் இப்ப பரவாயில்லீங்க. முழுசா சரியாகல, பரவாயில்ல.

#4 தெருவிளக்கு

அக்கா, உங்கள் மகன் நன்றாக வருவான்.

டீச்சர் சொன்ன "பயிற்சி வேண்டாம், ஆள் வேண்டும்" என்பது ஆய்வு செய்தே பார்க்கப்பட்ட விஷயம். நான் பொதுச் சுகாதாரம் படித்தவள், என் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு இது. ஆனால் பள்ளிக் கல்வியில் இருப்பவர்கள் பேசிக் கேட்டதே இல்லை.

பிகாரில் நாலந்தா மாவட்டம். சங்காத் என்ற கோவா அமைப்பு 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் செய்தது. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில், மனநலத்தில் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகராக உட்காரவைத்தார்கள். இன்னொரு பகுதியில் அதே வேலையை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடமே கொடுத்தார்கள். மூன்றாவதில் வழக்கமான பாடம் மட்டும். முடிவு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் சீண்டி வதைப்பது குறைந்தது, பள்ளியைப் பற்றிப் பிள்ளைகளின் எண்ணமே நல்லபடியாக மாறியது. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளுக்கும் ஒன்றுமே செய்யாத பள்ளிகளுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டும் தொடர்ந்து பார்த்தார்கள். தனி ஆலோசகரால் வந்த பலன் நீடித்தது.

ஆசிரியர்கள் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டீச்சரின் அந்த மதியத்தை நினைத்துப் பாருங்கள், எமிஸ் முந்திக்கொண்டது. மார்க் போடுகிற கையும் கண்டிக்கிற வாயும் ஒருவருடையதாகவே இருக்கும்போது பிள்ளைக்கும் தயக்கம் வரும்.

அங்கே தனி அறைக்குள் உட்கார்ந்து பேசியது மட்டும் நடக்கவில்லை. காலை பிரேயரில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் எழுதிப் போடும் பெட்டி, வகுப்புப் போட்டிகள் என்று பள்ளி முழுவதற்குமான வேலைதான் பெரும்பகுதி. அதனால்தான் அந்த அறைக்குள் போகும் பிள்ளையை யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

#5 ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் வருத்தம் புரிகிறது. முழுக்க உடன்பட முடியவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பிரேயரில் மயங்கினாள் என்றீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாள்? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, நல்ல திட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன அன்றே பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா? ஆலோசகர் வந்து உட்கார்ந்துகொண்டு பசியை மனநோய் என்று எழுதிவிடக் கூடாது. அப்பாவின் குடி, கூலி இல்லாத மாதம், கந்துவட்டி இவற்றையெல்லாம் பிள்ளையின் மனக்கோளாறு ஆக்கிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

இன்னொன்று. பிள்ளைகள் தவறான முடிவுக்குப் போவதைத் தடுத்ததில் எனக்குத் தெரிந்து பெரிய காரியம் செய்தது தேர்வு முறையில் வந்த மாற்றங்கள். தோற்றவன் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை, அடுத்த மாதமே எழுதலாம் என்று உடனடித் துணைத் தேர்வு வந்தது. 2017-ல் முதலிடம் இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அந்த மே மாதம் என் பள்ளியில் எவ்வளவு அமைதி என்று எனக்குத்தான் தெரியும். இதற்கு ஓர் ஆலோசகரும் தேவைப்படவில்லை.

வெளியாள் ஒருவர் வாரம் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளை பேசுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நடமாடும் ஆலோசனை மையம் என்று மாநிலம் முழுவதற்கும் பத்து வண்டி விட்டார்கள். ஒரு வண்டிக்கு மூன்று நான்கு மாவட்டம். எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு நாள் வந்தது. நன்றாகப் பேசினார்கள். அப்புறம் பார்க்கவில்லை.

#6 எம்எஸ்டபிள்யூ படித்தவன்

ஐயா சொன்ன அந்தப் பை நான்தான். வண்டியில் வந்தவன் இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஏழு அரசுப் பள்ளிகளைப் பார்த்தவன். எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப் பணி முதுகலையில் மருத்துவ, உளவியல் பிரிவு என் படிப்பு. எது கெட்டுப்போனது என்று உள்ளே இருந்தவன் கோணத்தில் எழுதுகிறேன்.

முதலில் இடம். ஏழில் ஐந்து பள்ளிகளில் அறை கிடையாது. ஒரு பள்ளியில் வேப்பமரத்தடி, ஒன்றில் சத்துணவு ஸ்டோருக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே. இன்னொன்றில் ஆசிரியர் அறையின் மூலை. அங்கே உட்கார்ந்து எந்தப் பிள்ளை பேசும்? பேர் மைக்கில் வரும், "எட்டு பி, இன்னார் கவுன்சிலிங்குக்கு வரவும்." அன்றோடு அந்தப் பையனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, கணக்கு. ஒரு நாளில் இத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று எண்ணிக்கை. நாற்பது நிமிடம் அழுத பெண்ணும் ஒன்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போன பையனும் ஒன்று. மாதக் கடைசியில் நான் கையெழுத்துப் போட்ட எண்ணைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

மூன்றாவது, "என்ன சொன்னான்?" அவன் வெளியே போனதும் தலைமையாசிரியர் கேட்பார். அக்கறையால்தான் கேட்கிறார். சொன்னால் நாளை எந்தப் பிள்ளையும் வராது, சொல்லாவிட்டால் நான் அந்தப் பள்ளிக்கு ஆகாதவன். இதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும். எதை யாரிடமும் சொல்லக் கூடாது, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஆலோசகர், தலைமையாசிரியர், பெற்றோர், பிள்ளை நான்கு பேருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருக்க யாருக்கும் உரிமை இல்லை. அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் போட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொருவரை நம்பாது.

பசியைப் பற்றி ஐயா சொன்னதற்கு. ஐயா, நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் செய்தது உளவியலே இல்லை. சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போயிருக்கிறேன். விடுதியில் இடம் கேட்டு அலைந்திருக்கிறேன். அப்பா இறந்த பிள்ளைக்கு உதவித்தொகை மனு எழுதினேன். அம்மாவைக் கூட்டிப்போய்க் குடிநோய் சிகிச்சைக்கு எங்கே கேட்பது என்று காட்டினேன். பிள்ளை மனம் விட்டுப் பேசியது அந்த அலைச்சலுக்குப் பிறகுதான். தீர்ப்பில் "சமூகப் பணியாளர்" என்ற சொல்லும் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள்.

பதினொரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. கடைசி நாளன்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அடுத்த செவ்வாய் வருவீங்கல்ல சார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அது தப்பு, சொல்லியிருக்க வேண்டும்.

#7 மலையடிவாரம் டீச்சர்

ஐயா, அன்று காலை அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது. நன்றி.

ஆனால் அவள் சொல்ல வந்தது பசியாக இருந்திருந்தால் கூட்டத்திலேயே சொல்லியிருப்பாள். எங்கள் பிள்ளைகள் பசியைச் சொல்லத் தயங்க மாட்டார்கள், என் டிபன் பாக்ஸுக்குப் பங்குக்காரர்கள் நிறைய. அவள் ஆள் இல்லாத லேபுக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள்.

பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16-ல் 13 முதல் 17 வயதில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்றது. எங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்தில் 210 பேர். அந்தக் கணக்குப்படி பதினைந்து பேர். பதினைந்து முகங்களை யோசித்துப் பார்த்தேன். ஆறுக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. மிச்சம் ஒன்பது பேர் என் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

#8 முன்னாள் விடுதி மாணவன்

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் ஏழு வருஷம் இருந்தவன். வார்டன் ஒருவர், சமையலர் ஒருவர், காவலர் சில காலம் இருந்தார், சில காலம் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பசங்களுக்கு வீட்டு நினைப்பு வரும். ஆலோசகர் காலை பத்து முதல் நாலு வரை பள்ளியில் இருப்பார் என்றால் விடுதிப் பையன்களுக்குப் பாதிதான் கிடைக்கும். இதையும் கேட்கும் பட்டியலில் சேருங்கள்.

எல்லோரும் சொல்லும் இன்னொரு பதில் உதவி எண். 14416 டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது. 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம். 1098 குழந்தைகளுக்கு. எல்லாம் இலவசம், நல்ல சேவை, நானே ஒருமுறை 14416-க்குப் பேசியிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த அக்கா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். ஆனால் நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், கையில் சொந்தப் போன் இருந்தது. எட்டாவது படிக்கும்போது எனக்கு ஏது போன்? வீட்டில் இருப்பது ஒரு போன், அது அப்பாவிடம் இருக்கும். எவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் கையில் போன்.

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடப் பள்ளியில் வைத்த "மாணவர் மனசு" பெட்டியும் அப்படித்தான். யோசனை அருமை. ஆனால் என் தம்பி பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தால் சீட்டு விழும்.

#9 வன்னிக் காத்து

வணக்கம் டீச்சர். நான் கிளிநொச்சிப் பக்கம், பாடசாலை ஒண்டில ஆசிரியராய் இருக்கிறன். உங்கட கதையைப் போல இஞ்சையும் இருக்கு, அதால எழுதுறன்.

எங்கட பக்கம் இதை உளவளத்துணை எண்டு சொல்லுவம். சுனாமிக்குப் பிறகும் 2009-ல யுத்தம் முடிஞ்சதுக்குப் பிறகும் நிறைய ஆசிரியர்மாருக்குப் பயிற்சி குடுத்தவை. யாழ்ப்பாணத்தில மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவை அதுக்கு முதலே, யுத்த காலத்திலேயே, இந்த வேலையைத் தொடங்கிட்டினம். நல்ல பயிற்சி. பிள்ளை கீறுற படத்தில என்ன பாக்கிறது, செத்தவையைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது, எப்ப வைத்தியரிட்ட அனுப்பிறது எண்டு எல்லாம் சொல்லித் தந்தவை.

ஆனா அந்தப் பயிற்சி எடுத்த ஆசிரியருக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டால், ஆரும் லீவெண்டால் அந்த வகுப்புக்குப் போறது அவர்தான். "உங்களுக்குப் பாடம் குறைவு தானே" எண்டு அதிபர் சொல்லுவார். உளவளத்துணை அறையில விளையாட்டுப் போட்டிச் சாமான் கிடக்கும். இன்னொண்டு, அந்த ஆசிரியரும் பிள்ளையைப் பறிகுடுத்தவராய் இருப்பார். அவருக்கு ஆர் கேக்கிறது? உங்கட நாட்டில ஆலோசகர் போட்டால், அவர் மாசம் ஒருக்கா எண்டாலும் போய்த் தன்ர பாரத்தை இறக்க ஒரு மூத்த ஆளையும் சேர்த்துக் கேளுங்கோ.

#10 ஒஹாயோ தமிழ்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி உதவியாளராக இருக்கிறேன். இங்கே 250 பிள்ளைக்கு ஓர் ஆலோசகர் என்பது அவர்களுடைய சங்கம் சொல்லும் அளவு. பெரும்பாலான மாநிலங்கள் அதை எட்டவில்லை. 2022-ல் டெக்சஸ் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஒரு சட்டம் வந்து, பள்ளி மனநலப் பணியாளர்களுக்கென்று 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கிராமப்புற, ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு அதனால் ஆள் கிடைத்தது. 2025 ஏப்ரலில் ஆட்சி மாறிய கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று கடிதம் அனுப்பியது. மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பணக்கார வட்டாரங்கள் தங்கள் உள்ளூர் வரியில் ஆள் வைத்திருந்ததால் அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திட்ட நிதியில் வரும் ஆள் திட்டத்தோடு போய்விடுவார். பட்ஜெட்டின் சம்பளத் தலைப்பில் நிரந்தரப் பணியிடமாகக் கேளுங்கள்.

#11 வட்டார வள மையம்

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், யாராவது தப்பு கண்டால் திருத்துங்கள்.

தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. வட்டார வள மையங்கள் நானூறுக்குச் சற்று மேல். மேலே உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது வட்டாரத்துக்கு ஒருவர். அப்படிப் போட்டால் ஒருவருக்குப் பதினைந்து பள்ளி. மூன்று வாரத்துக்கு ஒரு நாள். அது ஐயா சொன்ன வண்டிதான், பெயர் மட்டும் வேறு.

மூன்று பள்ளிக்கு ஒருவர் என்று போடுங்கள். 2,000 பேர். ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் கிடைக்கும், அதுவும் அதே ஆள், அதே கிழமை. மாதம் 30,000 சம்பளம் என்றால் வருஷத்துக்கு 72 கோடி. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஆயிரம் ரூபாயில் ஒன்றரை ரூபாய். தொடக்கப் பள்ளிகளையும் விடுதிகளையும் இதில் சேர்க்கவில்லை, அது தனியாக வர வேண்டும். தீர்ப்பு பள்ளிக்கு ஒருவர் என்றுதானே சொல்கிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டும். ஆனால் மூன்றுக்கு ஒருவர் என்பதற்குக் கீழே யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு பயம் எனக்கு இருக்கிறது. தீர்ப்பில் "நியமிக்க வேண்டும் அல்லது பணியில் ஈடுபடுத்த வேண்டும்" என்ற பொருளில்தான் இருக்கிறது. அந்த "அல்லது" வழியாக, பணி நிரந்தரமில்லாத தொகுப்பூதியம் நுழைந்துவிடும். 2012-ல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி. எத்தனை வருஷம் போராடியும் 2025-ல் பன்னிரண்டாயிரத்து ஐநூறைத்தான் தொட்டிருந்தார்கள். பலர் மாலையில் வேறு வேலை பார்க்கிறார்கள். தன் வீட்டு வாடகைக்கே வழி தெரியாத ஒருவரைப் பிள்ளைகளின் பாரத்தைக் கேட்க உட்காரவைக்கக் கூடாது.

ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். எம்.ஃபில் முடித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் 2,000 பேர் கிடைக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் எம்.எஸ்.டபிள்யூ முடித்தவர்களும் உளவியல் முதுகலை முடித்தவர்களும் எத்தனை பேர் வேறு வேலை பார்க்கிறார்கள்? இவர்களுக்கு ஆறு மாதம் நல்ல பயிற்சி, மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் மருத்துவரோடு மாதாந்திரக் கூட்டம், தீவிரமான பிள்ளையை அனுப்ப நேரடித் தொடர்பு. மாவட்ட மனநலத் திட்டக் குழு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறதே. மருத்துவக் கல்லூரிகளில் "மனம்" மன்றம் 2022 டிசம்பரிலேயே தொடங்கியாகிவிட்டது. மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்க முடிந்ததை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவர முடியும்.

#12 ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

தம்பி எம்எஸ்டபிள்யூ, சாதிச் சான்றிதழுக்கு அலைந்தேன் என்று எழுதியதைப் படித்தபின் என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். அப்படிப்பட்ட ஓர் ஆள் என் காலத்தில் என் பள்ளியில் இருந்திருந்தால் மூன்று பிள்ளைகளின் பெயரை இன்றைக்கு இவ்வளவு வருத்தத்தோடு நினைக்க வேண்டியிருக்காது.

"என்ன சொன்னான்" என்று கேட்கும் தலைமையாசிரியராக நானும் இருந்திருப்பேன். அந்த எழுத்து விதி அவசியம். ஆறாம் வகுப்பு முதலும் காலை உணவு என்பதையும் உங்கள் மனுவில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் விடமாட்டேன்.

#13 மலையடிவாரம் டீச்சர்

மூன்று வாரம் எழுத முடியவில்லை, காலாண்டுத் தேர்வு. நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினோம். தலைவி பக்கத்துத் தெரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நான் ஆரம்பித்ததுமே, "என் பெரிய பொண்ணுக்கு அப்பிடி ஒரு ஆள் இருந்திருந்தா" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெற்றோர் செயலியிலும் ஏற்றிவிட்டோம். கேட்கிறவர்களுக்காக அப்படியே தருகிறேன்:

"2025 ஜூலை 25 நாளிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 340 மாணவர்கள் பயிலும் எங்கள் பள்ளிக்கு, குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரைக் காலமுறை ஊதியத்தில் நியமிக்கக் கோருகிறோம். தனிப் பணியிடம் உருவாகும்வரை, அதிகபட்சம் மூன்று பள்ளிகளுக்கு ஒருவர் என்ற அளவில், நிலையான கிழமைகளில் ஒரே நபரை அனுப்பக் கோருகிறோம். அவருக்குப் பாடவேளையோ அலுவலகப் பணியோ தேர்தல் பணியோ ஒதுக்கப்படாது. மாணவர் கூறுவதன் இரகசியம் குறித்த எழுத்து விதிமுறை அறைக்கு வெளியே ஒட்டப்படும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் காலை உணவு வழங்கக் கோருகிறோம்."

மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. அதனால் ஒரு நகல் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தோம், ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று பழைய லேப் ஸ்டோர் ரூமைக் காலி செய்திருக்கிறோம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் எம்எஸ்டபிள்யூ களப்பணி மாணவிகளை வாரம் இரண்டு நாள் அனுப்பக் கேட்டிருக்கிறோம்.

#14 எம்எஸ்டபிள்யூ படித்தவன்

டீச்சர், களப்பணி மாணவிகள் வரட்டும். ஆனால் அவர்கள் செமஸ்டர் முடிந்ததும் போய்விடுவார்கள். தனியாக எந்தப் பிள்ளையின் பொறுப்பையும் அவர்களிடம் விடாதீர்கள். சுவர்ப் பத்திரிகை, விளையாட்டு, குழுவாகப் பேசுவது, வீடு தேடிப் போய்ப் பார்ப்பது செய்யட்டும். எப்போது கிளம்புவார்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அறைக் கதவுக்கு மேல்பாதியில் கண்ணாடி வையுங்கள். உள்ளே இருவர் இருப்பது வெளியே தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

#15 ஊசிநூல்

டீச்சர் அந்தத் தீர்மானத்தை எங்க ஸ்கூல் கமிட்டிலயும் வெக்கலாமுங்களா? எங்களுக்கு எழுதத் தெரியாது, அதையே காட்டிக்கிறோம். எங்க ஸ்கூல்ல 1,100 பசங்க.

#16 மலையடிவாரம் டீச்சர்

தாராளமாக வையுங்கள் அக்கா. 340 இருக்கும் இடத்தில் 1,100 என்று மாற்றுங்கள், "ஆறு முதல் பத்து" என்பதைப் பன்னிரண்டு ஆக்குங்கள். உங்கள் பள்ளிக்கு மூன்றில் ஒரு பங்கு ஆள் போதாது, தனியாக ஒருவர் என்றே கேளுங்கள்.

தம்பி, கதவு விஷயம் நல்லவேளை சொன்னீர்கள். ஆசாரி பலகைக் கதவுக்குத்தான் அளவெடுத்துப் போயிருக்கிறார். கண்ணாடி வைக்கச் சொல்லி இப்போது போன் பண்ணுகிறேன்.

பெங்களூரு சித்தியின் நம்பர் பாட்டியிடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்.